பவுனுக்குப் பவுன்

மாமி பத்துப் பவுன் நகையை இடியப்ப மாவுக்குள் புதைத்து, பால்மாத் தகரப் பேணியில் போட்டு, கரைத்தீவிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் பாய்மேல் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, பேணியைக் கவிழ்த்து, மாவுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஊதினார். நாலு வளையல், ஒரு நீண்ட சங்கிலி, ஒரு அட்டியல், இரண்டு சோடித் தோடு.

"ஆருக்குத் தெரியப்போகுது? பக்கத்துல இருந்தவ மாவு வறுத்ததா பச்சையாண்டு கேட்டா. வறுத்ததெண்டு சொன்னன்" என்று சிரித்தார்.

மாமி வாப்பாவின் ஒரே தங்கை. தொண்ணூறில் எங்கள் ஆட்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் வந்தவர்கள். வாப்பா கற்பிட்டி வீதியில் காணி எடுத்து மரக்கறித் தரகு செய்தார். மாமியைக் கரைத்தீவில் கட்டிக்கொடுத்தார். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே.

"இந்தாங்கோ நானா. வித்துப்போட்டு வேலையப் பாருங்கோ. பவுனாத் தாறன், பவுனாத் தாங்கோ. வட்டியும் இல்ல, தவணையும் இல்ல."

வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேங்க் வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டாமக் காப்பாத்திட்டான் அல்லாஹ்" என்றார்.

வேலை என்றது என் வீட்டு வேலையை. எங்கள் ஆட்களுக்குள் மகளுக்கு வீடு கொடுக்கவேண்டும். கலியாணமான பிறகு மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வருவதற்கு ஒரு வீடு இருக்கவேண்டும். எனக்குப் பேசியிருந்தவர் கட்டாரில் மின்சார வேலை செய்பவர். வீடு முடிந்ததும் நிக்காஹ் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காணியின் பின்பாதியில், வாப்பாவின் சேமிப்பில், யன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பி அப்படியே நின்றது. மழைக்குச் சுவரின் மேல் வரியில் பாசி பிடித்திருந்தது.

நான் அப்போதே ஒன்று கேட்டேன். "மாமி, இண்டைக்கு விக்கிற விலையக் காசா எழுதி வைப்பமா? அந்தக் காசத் திருப்பித் தாறம்."

"இஞ்ச பாருங்கோ, படிச்ச புள்ளைட கதைய! காசுக்கு என்ன மதிப்பு இரிக்கு மகள்? கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில நிண்டது மறந்துபோச்சா? பவுன் எண்டா பவுன்தான்."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் அந்தக் கதையை விட்டுவிட்டேன். பவுனாக வாங்கிப் பவுனாகக் கொடுப்பது எங்களிடம் கௌரவமான கொடுக்கல் வாங்கல். வட்டி எங்களுக்கு ஹராம், அந்தச் சொல்லே அதற்குள் வராது. அந்தர அவசரத்துக்கு உதவிய தங்கையிடம் மகள் விலை பேசுகிறாள் என்று ஆகிவிடக்கூடாது.

தொழில்நுட்பக் கல்லூரியில் நான் படித்தது கட்டட அளவைக் கணக்கு. ஒரு வரைபடத்தைப் பார்த்து, அந்தக் கட்டடம் எழும்ப என்னென்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், என்ன செலவாகும் என்று சொல்லும் வேலை. அதனால் அந்த நகை எனக்கு நகையாகத் தெரியவில்லை. வளையல் நாலும் யன்னலும் கதவும் ஆயின. சங்கிலி கூரை ஆனது. அட்டியல் உள்பூச்சும் தரையும். தோடுகள் குளியலறைக் குழாய்களுக்கும் வயருக்கும் போதவில்லை. உம்மா தன் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

கூரை ஏறும்வரை எல்லாம் நான் எழுதியபடியே நடந்தது. அதற்குப் பிறகு மேசன் பாஸ் வராமல் விட்டார்.

அவர் சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர். தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார், தங்கச்சி என்பதை நங்கி என்று சிங்களத்தில் கூப்பிடுவார். ஒரு வாரம் காய்ச்சல் என்றார். அடுத்த வாரம் மாமனார் மவுத்து என்றார், எங்கள் சொல்லிலேயே. மூன்றாவது வாரம் அவரை நான் கண்ட இடம் என் வேலைத்தளம். கற்பிட்டிக் கடற்கரையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஹோட்டலின் நீச்சல் தடாகத்துக்குள் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

"பாஸ், காய்ச்சல் சுகமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "என்ன நங்கி செய்ய? எனக்கும் பொம்பிளப் புள்ள ரெண்டு இரிக்கி. இஞ்ச தாற நாட்சம்பளத்த ஒங்கட வாப்பாக்குத் தரேலுமா?"

"ஏலாது."

"அந்தச் சம்பளத்த எழுதினதும் நங்கிதானே. ஒப்பம் பாத்தனே ஆபீசில."

உண்மை. கடற்கரை நெடுக ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது, மேசன்மாருக்கு இழுபறி. பக்கத்துத் தளத்தை விடக் கூடுதலாகக் கொடுத்தால்தான் ஆள் நிற்கும் என்று மேலே இருந்தவர்களுக்கு நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு மாதத்தில் இரண்டு தடவை. சரியான ஆலோசனைதான், எங்கள் தளத்தில் ஆட்கள் நிறைந்தார்கள். என் வீட்டுக்கு மட்டும் ஆள் இல்லை. பாஸ் வெள்ளிக்கிழமைகளில் வந்து பூசித் தருவதாக ஒத்துக்கொண்டார், ஹோட்டல் கூலிக்கு. வாப்பா ஜும்மாவுக்குப் போகும் நேரத்தில் சாந்து குழைத்துக்கொண்டு நின்ற ஒரே கத்தோலிக்கர் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, அவர்தான்.

வீடு முடிந்தபோது வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்கக் காசு இருக்கவில்லை. மாமியின் பவுனில் ஒன்றுகூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கட்டாரிலிருந்து வருவதற்கு எனக்குப் பேசியவருக்கு அடுத்த வருடம்தான் லீவு. அந்த நேரத்தில்தான் உம்மா சொன்னார்: "சும்மா பூட்டி வைக்கிறத விட ஒரு சீசனுக்கு வாடகைக்குக் குடுப்பமே. எல்லாரும் குடுக்கினம்."

எல்லோரும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சோழகக் காற்று எழும்பும் மாதங்களில் கடல்நீர்க் களப்பில் பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் பலகையில் சறுக்க வெளிநாட்டுக்காரர் வருவார்கள். முதலில் ஹோட்டல்களில் தங்கினார்கள். பிறகு அவர்களுக்குச் சறுக்கப் பழக்குபவர்கள், சமைப்பவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் வீடு தேவைப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் மகள்மாருக்கு என்று கட்டிய வீடுகளில் மகள்மார் யாரும் இல்லை. ஒருத்தி தன் உம்மா சமைக்கும் குசினிக்குப் பக்கத்தில் தகரக் கூரை இறக்கிக் குடியிருந்தாள். இன்னொருத்தி வண்ணாத்திவில்லுவில் குறைந்த வாடகைக்கு வீடு எடுத்துப் போய்விட்டாள். சொந்த வீட்டின் வாடகையில் பாதி அங்கே போனது, மீதி கடனுக்குப் போனது.

என் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டு ஆணும் பெண்ணும் வந்தார்கள். இரண்டு பேரும் சறுக்கப் பழக்குபவர்கள். நல்ல மனிதர்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வாடகை என் சம்பளத்தைவிடக் கூடுதல். அதைக் கையில் வாங்கிய வாப்பா இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார், கூடத் தந்துவிட்டார்களோ என்று.

"இத வச்சுக்கொள்ளாம மாதாமாதம் பவுன் வாங்கோணும்" என்று நான் சொன்னேன். "விலை ஏறுது."

முதல் மாத வாடகைக்கு அரைப் பவுன் வந்தது, கொஞ்சம் மிச்சமும் வந்தது. உம்மா புத்தளம் டவுனுக்குப் போய் வாங்கி வந்து, அலுமாரியில் சேலைக்குள் வைத்தார். இரண்டாம் மாதம் மிச்சம் வரவில்லை. பெருநாளுக்குப் பிறகு உம்மா நகைக்கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"என்ன உம்மா?"

"அரைப் பவுனுக்குக் காணாதாம். முக்கால்வாசிக்குத்தான் வரும் எண்டான். அத எப்பிடி வாங்கிற? வெக்கத்துல தண்ணி குடிச்சிட்டு வந்துட்டன்."

எனக்குச் சுவரில் எழுதித்தான் யோசிக்க வரும். தளத்தில் அப்படிப் பழகிவிட்டது. குசினிச் சுவரில் பென்சிலால் எழுதினேன். சங்கிலிக்குக் கூரை வந்தது. இன்று அந்தச் சங்கிலியைத் திருப்பி வாங்க வேண்டுமென்றால் கூரையை விற்று, கதவு யன்னலையும் கழற்றி விற்கவேண்டும். அட்டியலுக்குச் சுவர்களில் பாதி போகும். வீட்டை முழுதாகக் கழற்றி விற்றாலும் பத்துப் பவுன் வராது என்று எழுதும்போது உம்மா பின்னால் வந்து நின்றார். சேலைத் தலைப்பால் சுவரைத் துடைத்தார். "வாப்பா பாத்தா மனசு உடைஞ்சுபோவார்" என்றார்.

காற்று ஓய்ந்த மாதங்களில் அவர்கள் பாதி வாடகைதான் தந்தார்கள். அடுத்த காற்றுக்கு முன்பு வாடகை ஏறியது. அதைவிடப் பவுன் ஏறியது. எல்லாம் சேர்த்து அலுமாரியில் நாலு பவுன் இருந்தபோது மாமி வந்தார். மாமியின் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது.

"அவசரமில்ல நானா" என்றார். "ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சுதான் நிக்காஹ்."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. மாமி பிளேன்ரீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்து, என் பக்கம் திரும்பினார். மாமியிடம் தீர்வு இருந்தது. அதை யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"மாப்பிள்ள வீட்டுக்காரர் கற்பிட்டிப் பக்கம் ஒரு வீடு எண்டா விரும்புவினம். பவுன விடுங்கோ. பின் வீட்ட என்ட புள்ளைக்குத் தாங்கோ. பத்துப் பவுனக் கழிச்சு மிச்சத்த நாங்க தாறம். ஆரையும் கூப்பிடத் தேவையில்ல. நீயே விலை போடு மகள். உனக்குத்தானே தெரியும்."

அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. மாமிக்கு ஒரு மகள், மகளுக்கு ஒரு வீடு வேண்டும். என்னைப் போல.

அடுத்த நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். நான் வரைந்த வீடு, அளவுகள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் அளந்து பார்க்காமல் விலை எழுதுவது என் பழக்கமல்ல. அந்தப் பெண் கதவைத் திறந்து, ஏதும் திருத்தவேண்டுமா என்று கேட்டாள். ஓம் என்றேன். படுக்கையறையில் அவர்களுடைய உடுப்புகள் கிடந்தன. அலுமாரி வரவேண்டிய சுவரில் சறுக்கும் பலகைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். நாடாவின் அடுத்த முனையைப் பிடித்து உதவியவளும் அவள்தான். "நல்ல வீடு" என்று சொன்னாள்.

விலை எழுதுவதில் எனக்கு ஒரு வழிதான் தெரியும்: இன்றைக்கு இதே வீட்டைக் கட்டுவதானால் என்ன செலவாகும். இன்றைய சீமெந்து விலை, இன்றைய மணல் விலை, இன்றைய மேசன் கூலி. கூலி விகிதத்துக்கு வேறு எங்கும் தேடிப் போகவில்லை. நான் ஹோட்டலுக்கு எழுதிக் கொடுத்ததையே போட்டேன். குறைத்துப் போட்டால் வாப்பாவுக்கு நட்டம். கூட்டிப் போட்டால் வீட்டைக் கொடுக்க மனமில்லாமல் கூட்டினாள் என்பார்கள். இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மாமியின் முன்னால் வாசித்தேன்.

மாமி கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவா? கட்டேக்க இதில பாதிகூட முடியலியே."

"இப்ப கட்டினா இவ்வளவு மாமி."

"சொந்தக்காரருக்கு இப்பத்தய விலையா மகள்?"

"பவுனும் இப்பத்தய விலைக்குத்தானே மாமி வாங்கித் தரோணும்."

வாப்பா, "வாய மூடு" என்றார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அது ஒரு தரம்தான். மாமி எழும்பவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பத்துப் பவுனைக் கழித்தாலும் மிச்சத்தைக் கொடுக்க மாமியிடம் காசு இல்லை. என் வீட்டை வாங்கவும் ஏலாது, கொடுத்த பவுனை விடவும் ஏலாது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப வெளியாலதான் விக்கோணும்" என்று மெல்லச் சொன்னார்.

வெளியில் வாங்க ஆள் இருந்தது. கொழும்பிலிருந்து ஒரு தரகர் மாதத்துக்கு ஒரு தடவை போன் எடுப்பார், பின்பாதியை மட்டும் தாருங்கள் என்று. விற்றால் மாமியின் பவுனும் தீரும், வாப்பாவின் கையிலும் கொஞ்சம் நிற்கும். வீடு இருக்காது. அன்று பின்னேரம் கட்டாருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"எனக்கு வீடு முக்கியமில்ல" என்றார் அவர். பிறகு, "உம்மாக்கு எப்பிடிச் சொல்றது எண்டுதான் விளங்கேல்ல" என்றார். அவருடைய உம்மா இரண்டு வருடமாக வருபவர் போகிறவர் எல்லோரிடமும் வீட்டைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்.

இனி மூன்று வழிகள். விற்பது: என் கலியாணம் நிற்கும். மாமியைக் காத்திருக்கச் சொல்வது: மாமியின் மகளின் கலியாணம் நிற்கும். மூன்றாவதை நான் வாப்பாவிடம் சொல்லாமல் முதலில் வங்கியில் கேட்டேன். என் சம்பளச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி, "உங்களுக்குக் கடன் தரலாம் மிஸ்" என்றார். கடைசித் தவணை முடியும்போது நான் நாற்பதை நெருங்கியிருப்பேன்.

வாப்பா விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் இருந்தபோது சொன்னேன். வீதியில் வரும் மரக்கறி லொறிக்காக அவர் காத்திருந்தார்.

"வட்டிக்கா?"

"ஓம் வாப்பா."

"வட்டிக் காசுல பவுன் வாங்கி என்ட தங்கச்சிர புள்ளைட கழுத்துல போடச் சொல்றியா?"

"வேற வழி இருந்தாச் சொல்லுங்கோ, கடன் விண்ணப்பத்த நான் கிழிச்சுப் போடுறன்."

லொறி வந்து ஹோன் அடித்தது. வாப்பா எழும்பிச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு, "அந்தக் காச என்ட கையில தராத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து வாடகையையும் அவர் வாங்குவதில்லை. அது நேரே வங்கிக்குப் போகிறது.

உம்மாவும் நானும் புத்தளத்துக்குப் போனோம். கடை திறக்கும்போதே ஆறு ஏழு பேர் விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வாங்க வந்தவர்களும் விற்க வந்தவர்களும் ஒரே வாங்குப் பலகையில். கடைக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இப்ப எடுக்கிறதெண்டா எடுங்க, கொஞ்சத்தால விலை மாறும்" என்றார். மாமி வளையலாகவும் சங்கிலியாகவும் தந்தார். நாங்கள் கட்டியாகக் கொடுத்தால் மாமி திரும்பவும் செய்கூலி கொடுக்கவேண்டும். அது சரியில்லை என்று உம்மா சொன்னார். அதனால் செய்கூலியும் எங்களுடையதாயிற்று. நகையை விற்று நாங்கள் வாங்கிய கூரையும் கதவும் யன்னலும் தரையும் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டிக்குள் போய்விட்டன.

மாமி பெட்டியைத் திறந்து பார்த்து, "நிறுக்கத் தேவையில்ல மச்சி" என்று உம்மாவிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதிருக்கவேண்டும். செய்கூலியை எந்தக் கணக்கில் போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மாமியின் மகளின் கலியாணத்துக்கு மூன்று மாதம் கழித்து எனக்கு நிக்காஹ் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, ஆட்கள் இருக்கும்போதே, பேரீச்சம்பழத் தட்டில் வீட்டுச் சாவியை வைத்து வாப்பா மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அது வழக்கம். அவர் அதைத் தன் உம்மாவிடம் கொடுத்தார். மாமியார் ஆட்களுக்குக் காட்டிவிட்டு ஹேண்ட்பேக்கில் வைத்தார். பின் வீட்டுக்காரர் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் தலையில் ஷோல் போட்டுக்கொண்டு, சாவி கைமாறுவதைப் படம் எடுத்தாள். அவர்களின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. மாப்பிள்ளையின் லீவு அதற்கு முன்பே முடிந்துவிடும்.

உம்மாவும் வாப்பாவும் தங்கள் அறையை எங்களுக்குத் தந்துவிட்டு ஹோலுக்கு வந்தார்கள். ஒரு வாரம் போன பிறகு என் கணவர், "ஒருக்காப் பாக்கலாமா?" என்றார்.

போய்க் கதவைத் தட்டினோம். அவர்கள் சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டு, கோப்பி போட்டுத் தந்தார்கள். நாங்கள் கதிரை நுனியில் இருந்து குடித்தோம். அவர் மின்சாரக்காரர், சுவர் ஆளிகளைப் பார்த்தார், கூரைக்குப் போகும் வயரைப் பார்த்தார். எழும்பிப் போய் ஓர் ஆளியைப் போட்டு அணைத்தார். "நல்லாச் செய்திரிக்கு" என்று என்னிடம் சொன்னார்.

குடியிருந்த மனிதர் கதையை எடுத்தார். அடுத்த காற்றுக் காலம் முடியும்வரை இருக்க விருப்பமாம். வாடகையைக் கூட்டித் தருவார்களாம். நாங்கள் இங்கே குடிவர யோசித்திருந்தால் சொல்லும்படி கேட்டார், அவர்களுக்கு விளங்குமாம். அவர் சொன்ன வாடகையில் என் தவணை கழியும், கொஞ்சம் மிஞ்சும். அது இல்லாவிட்டால் என் சம்பளத்தில் பாதிக்குமேல் தவணைக்கே போய்விடும்.

என் கணவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்ற?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னொரு கோப்பி ஊற்றினாள்.